'வேரியேஷன்': அச்சு வேறுபாடா, அச்சுபேதமா?

அன்புள்ள குழுவினருக்கு,

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க சிகரெட் பெட்டிகளில் வைத்துக் கொடுத்த பேஸ்பால் அட்டைகளுக்கான சொற்பட்டியலில் 'வேரியேஷன்' (ஒரே அட்டையின் படிகளுக்குள் காணும் மாறுபாடு) என்பதற்கான தமிழ்ச்சொல் இன்னும் முடிவாகவில்லை. 'அச்சு வேறுபாடு' என்று வைத்தால் மூன்று தனித்தனி விஷயங்கள் அதற்குள் கலந்துவிடுகின்றன.

நியூயார்க் குட்வின் நிறுவனத்தின் 'ஓல்ட் ஜட்ஜ்' சிகரெட் அட்டைகளில் (சேகரிப்பாளர் பட்டியல் எண் என்172, 1887–90) ஒரே ஆட்டக்காரர், ஒரே படம். அவர் அணி மாறியதும் கீழே அணிப்பெயர் மட்டும் மாறியிருக்கும். இது தெரிந்தே செய்த திருத்தம். ரிச்மண்ட் நகரின் ஆலன் அண்ட் கின்டர் நிறுவனத்தின் 1887 வண்ண அட்டையில் (என்28) சிவப்பு நகர்ந்து உதட்டுக்கு வெளியே விழுந்திருந்தால் அது அச்சிடும்போது நேர்ந்த பிழை. வெள்ளைப் பகுதி மஞ்சளித்திருப்பது காலத்தின் வேலை. முதல் வகைக்கு 'அச்சுபேதம்' என்கிறேன். ஒரு நூலின் படிகளில் சொல் மாறி வருவதைக் குறிக்கும் பாடபேதம் நமக்குப் பழகிய சொல்தானே.

---

> முதல் வகைக்கு 'அச்சுபேதம்'

ஐயா, ஓல்ட் ஜட்ஜ் படம் அச்சு இயந்திரத்தையே பார்த்ததில்லை. முட்டை வெண்கரு பூசிய தாளில் நெகட்டிவிலிருந்து எடுத்த புகைப்படம். அதை அட்டையில் ஒட்டினார்கள். என்28 கல்லில் வரைந்து அச்சிடும் கல்லச்சு, நிறத்துக்கு ஒரு கல். இரண்டுக்கும் பொதுவாக 'மூல வேறுபாடு' போதாதா? பேதம் என்ற வடசொல்லும் தேவைப்படாது.

---

'மூல வேறுபாடு' என்றால் மூலப்படமே வேறு என்று வாசகர் எடுத்துக்கொள்வார். இங்கே படம் ஒன்றுதான். அச்சு என்பது இயந்திரத்துக்கு முந்திய சொல், வார்ப்புக்கான கருவையும் குறிக்கும். நெகட்டிவ், கல் இரண்டும் அதில் அடங்கும். பேதமா வேறுபாடா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ஆனால் 'அச்சு வேறுபாடு' ஏற்கெனவே எல்லாவற்றுக்கும் புழங்குவதால் குறுகிய பொருளுக்குப் புதுச்சொல்லே நல்லது.

பிரித்தறிய ஒரே அட்டையின் இரண்டு படிகளாவது வேண்டும். பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். ஒரு குறை இரண்டிலும் அதே இடத்தில் இருந்தால் அது நெகட்டிவில் அல்லது கல்லில் இருக்கிறது. நெகட்டிவில் தூசி ஒட்டினால் ஒளி தடைபட்டுப் படத்தில் வெள்ளைப் புள்ளி விழும். பூச்சு கீறிப்போனால் ஒளி கூடுதலாகப் புகுந்து கருங்கோடு விழும். ஒரு படியில் மட்டும் இருப்பது 'அச்சுப்பழுது'. வண்ணம் நகர்ந்ததை அச்சகங்களில் 'ரிஜிஸ்டர்' விலகல் என்பார்கள். அதையும் இதன் கீழ் வைக்கலாம். மஞ்சளிப்பும் மங்கலும் 'நிறச்சிதைவு'. இளஞ்சிவப்புச் சாயலுள்ள ஓல்ட் ஜட்ஜ் படிகளைப் பார்த்ததுமே நிறச்சிதைவில் சேர்க்கவேண்டாம். வெண்கருத் தாளுக்கு முன்கூட்டியே சாயமிடும் வழக்கம் அன்று இருந்தது.

---

ஒப்புக்கொள்கிறேன். ஒரு சிக்கல் மட்டும்: கல் தேய்ந்து, அச்சு ஓட்டத்தின் பிற்பகுதிப் படிகளில் மட்டும் எழுத்து உடைந்திருந்தால்? பல படிகளில் வரும், ஆனால் யாரும் திருத்தியதல்ல. 'அச்சுபேதம்' என்பதைத் தெரிந்தே செய்த திருத்தத்துக்கு மட்டும் வைத்து, இதை 'அச்சுத்தேய்வு' என்று தனிப்பதிவாக இடலாம். நெகட்டிவில் இடையில் விழுந்த கீறலும் இதில்தான் சேரும். மறுப்பு இல்லையென்றால் நான்கு சொற்களையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.