பிள்ளையார் சதுர்த்திக்குச் சாக்லேட் கொழுக்கட்டை: செய்யலாமா, கூடாதா?

ஆனைமலைத் தென்றல்:
சதுர்த்தி முடிந்து மூன்று நாள் ஆகிறது. எங்கள் வீட்டில் பேச்சு இன்னும் ஓயவில்லை. என் மகளுக்கு ஆறு வயது. தேங்காய்ப் பூரணத்தை வாயில் வைத்ததுமே துப்பிவிடுவாள். இந்த முறை பேரீச்சம்பழமும் சாக்லேட்டும் வைத்துப் பதினொரு கொழுக்கட்டை பிடித்தேன். ஆவியில் வெந்துகொண்டிருக்கும்போதே நான்கு வாய் பிளந்து, இட்லித் தட்டெல்லாம் பழுப்பாக வழிந்துவிட்டது. மீதி ஏழையும் அவளே ஆசை ஆசையாகத் தின்று தீர்த்தாள். மாமியார் அவற்றைப் படையலுக்குப் பக்கத்தில்கூட வைக்க விடவில்லை. "பிள்ளையாருக்கு இதுவா கொடுப்பது?" என்று கேட்டவர், அன்று முழுக்க என்னோடு பேசவே இல்லை. நான் செய்தது அவ்வளவு பெரிய குற்றமா?

காவிரிக்கரை அம்மா:
குற்றம் என்று சொல்ல மாட்டேன் அம்மா. ஆனால் நான் உங்கள் மாமியார் பக்கம்தான். கொழுக்கட்டையின் மேல்மாவுக்கென்று தனியாகப் பெரிய ருசி கிடையாது. துளி உப்பும் ஒரு சொட்டு நல்லெண்ணெயும்தான். உள்ளே இருக்கும் தேங்காய், வெல்லம், ஏலக்காய் மணத்தைத் தாங்கி நிற்பதுதான் அதன் வேலை. மாவிலும் பச்சரிசியின் மெல்லிய வாசனை இருக்கும். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, துணியில் நிழலில் உலர்த்தி, கையில் ஈரம் ஒட்டும் பதத்திலேயே அரைத்துச் சலிப்பது அந்த வாசனைக்காகத்தான். அதற்குள் சாக்லேட்டை வைத்தால் சாக்லேட் மட்டும்தான் தெரியும். அதற்கு எதற்கு இத்தனை பாடு? சாக்லேட்டை உங்கள் மகள் என்றைக்கு வேண்டுமானாலும் சாப்பிடலாம். சதுர்த்தி ஆண்டுக்கு ஒரு நாள்.

வைகைத்துறை:
அம்மா சொல்வதில் மரியாதை உண்டு, உடன்பாடு இல்லை. உப்புக் கொழுக்கட்டைக்கு உளுந்துப் பூரணம் செய்கிறோமே, அதில் காய்ந்த மிளகாய் போடாத வீடு உண்டா? வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டில் வந்து இறங்கும்வரை இந்த நாட்டில் எந்த அடுக்களையிலும் மிளகாய் கிடையாது. அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. போர்ச்சுகீசியர் கொண்டுவந்தார்கள். அந்த மிளகாய் சேர்ந்த உப்புக் கொழுக்கட்டையைப் பிள்ளையாருக்கு வைத்துக் கும்பிடுகிறோம். கொக்கோவும் அதே கண்டத்திலிருந்து வந்ததுதான். முதலில் வந்ததற்கு ஒரு நியாயம், பின்னால் வந்ததற்கு வேறு நியாயமா?

இன்னொன்று. சங்கப் பாட்டான மதுரைக்காஞ்சியில் மோதகம் வருகிறது. எங்கே தெரியுமா? கோயிலில் அல்ல, இரவுக் கடைத்தெருவில். உள்ளீடு வைத்துப் பிடித்த மோதகத்தை அடையோடும் மற்றப் பண்டங்களோடும் விற்பவர்களைப் புலவர் பாடியிருக்கிறார். விற்றவர்கள் வாங்குகிறவர் நாக்குக்கு ஏற்றபடி செய்திருக்க மாட்டார்களா?

காவிரிக்கரை அம்மா:
மிளகாய்க் கதை எனக்கும் தெரியும் தம்பி. எங்கள் வீட்டில் திவசச் சமையலில் இன்றும் மிளகாய் சேர்ப்பதில்லை, மிளகுதான். மிளகாய் எல்லா அடுக்களைக்கும் வந்து பழகித்தான் பண்டிகைக்குள் நுழைந்தது. அப்படியும் அது உளுந்தை விழுங்கிவிடவில்லை. உளுந்து உளுந்தாகவே இருக்கிறது. நீங்கள் மதுரைக்காரர் என்றால் நேரே கேட்கிறேன். மீனாட்சி கோயில் முக்குறுணி விநாயகருக்குச் சதுர்த்தியன்று 18 படி அரிசியில் கொழுக்கட்டை செய்கிறார்களே, அதில் சாக்லேட் கலந்தால் உங்கள் மனம் ஒப்புமா?

வைகைத்துறை:
ஒப்பாது. அதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் அது ஊருக்கெல்லாம் பொதுவான கோயிலின் நைவேத்தியம். வீட்டில் ஆறு வயதுக் குழந்தை தின்பதற்கும் அதே அளவுகோலா?

நல்லூர்ப் பேரன்:
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் உருண்டையாகப் பிடித்தால் மோதகம், பிறை போல மடித்து ஓரம் நெரித்தால் கொழுக்கட்டை. உள்ளே வறுத்த பயறு, தேங்காய்ப்பூ, பனங்கட்டி. உங்கள் தேங்காய்ப் பூரணத்தை நான் சென்னையில் படிக்கும்போதுதான் முதன்முதலில் சாப்பிட்டேன். பயறு இல்லாத மோதகமா என்று அன்று எனக்கும் ஒப்பவில்லை. இரண்டாம் ஆண்டு, விடுதிக்கு அருகில் இருந்த வீட்டிலிருந்து கிண்ணம் எப்போது வரும் என்று காத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் அரிசி மாவோடு அவித்த கோதுமை மாவைக் கலப்பதும் இன்று வழக்கம். அதைச் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அதுதான் அம்மாவின் கொழுக்கட்டை. எது சரியான பூரணம் என்று ஊருக்கு ஊர் கேட்டால் ஊருக்கு ஒரு பதில் வரும்.

தினைப்புலம்:
எல்லோரும் பூரணத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு ஆதங்கம் மேல்மாவைப் பற்றி. நான் மூன்று ஆண்டுகளாகத் தினை மாவிலும் கவுனி அரிசி மாவிலும் செய்து பார்க்கிறேன். தினை மட்டும் போட்டால் சொப்பு, அதாவது பூரணம் வைக்கக் கிண்ணம்போலப் பிடிக்கும் மாவு, விரிந்துவிடும். பாதிக்குப் பாதி பச்சரிசி மாவு சேர்த்தால் நிற்கிறது. கவுனி அரிசி பர்மாவுக்கு வணிகம் செய்யப் போனவர்கள் வழியாக வந்தது என்றுதான் செட்டிநாட்டில் சொல்வார்கள். இன்று அது இல்லாமல் அங்கே கல்யாண விருந்து உண்டா? ஆகவே புதுப் பண்டத்துக்கு நான் எதிரி அல்ல.

ஆனால் சொப்பு பிடிக்கும் கை போய்க்கொண்டிருக்கிறது. கட்டைவிரலை நடுவில் அழுத்தி, மற்ற விரல்களால் சுற்றிக்கொண்டே ஓரத்தை மெலிதாக இழுத்து, உள்ளே நிழல் தெரியும் அளவுக்கு என் பெரியம்மா செய்வார். இன்று பிளாஸ்டிக் அச்சில் மாவை அடைத்துத் தட்டிவிடுகிறோம். தேங்காய்ப் பூரணமே வைத்தாலும் அச்சில் வார்த்தால் சுவர் தடித்துவிடும், கடித்தால் மாவுதான் வரும். குழந்தைகள் துப்புவது பூரணத்தையா, அந்தத் தடித்த மாவையா என்று ஒருமுறை பாருங்கள்.

ஆனைமலைத் தென்றல்:
நான் அச்சில்தான் செய்தேன். தேங்காய்க் கொழுக்கட்டையையும் சேர்த்து. இதை நான் யோசிக்கவே இல்லை.

அம்மாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் தென்னந்தோப்புகளில் கொக்கோ ஊடுபயிர். மாமனாரின் தோப்பிலும் தென்னை நிழலில் இருக்கிறது. காய் உடைத்து, விதையின் மேலே இருக்கும் வெள்ளைச் சதையைச் சப்பிக்கொண்டுதான் என் மகள் தோப்பில் திரிவாள். பிள்ளையாருக்குத் தேங்காய் விழும் அதே மண்ணில் விளைவது அது. அதை அந்நியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காவிரிக்கரை அம்மா:
தோப்பில் விளைகிறது என்பது எனக்குத் தெரியாது. ஆனாலும் படையலைப் பற்றி என் எண்ணம் மாறவில்லை. இலையில் தேங்காய்ப் பூரணம்தான் இருக்க வேண்டும். மகள் துப்பினாலும் ஒன்றைக் கையில் கொடுங்கள். ஆறு வயதில் துப்பியது பதினாறில் பிடிக்கும். கொடுக்காமலே விட்டால் எப்போது பிடிக்கப் போகிறது?

வாய் பிளந்ததற்குக் காரணம் சொல்கிறேன். வாயில் வைத்தாலே உருகுகிற பண்டம், ஆவியின் சூட்டில் தண்ணீராகிவிடும். பொட்டுக்கடலையை வறுத்துப் பொடித்து, பேரீச்சம்பழ விழுதோடு பிசைந்து, சாக்லேட்டைத் துருவிச் சேருங்கள். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். ஒரு கிண்ணம் மாவுக்கு ஒன்றேகால் கிண்ணம் தண்ணீர், தளதளவென்று கொதித்த பிறகு மாவு. சூடு ஆறுவதற்குள் எண்ணெய் தொட்டுப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி வையுங்கள். மகளையும் பக்கத்தில் உட்கார வைத்து, அச்சு இல்லாமல் அவள் கையாலேயே இரண்டு சொப்பு பிடிக்கச் சொல்லுங்கள். ஒன்றில் உங்கள் சாக்லேட், ஒன்றில் தேங்காய். கோணலாக வந்தாலும் பரவாயில்லை, வாயை மட்டும் இறுக்கி மூடச் சொல்லுங்கள்.