ராஜினாமா மெயில் அனுப்பச் சொல்கிறார்கள், அனுப்பலாமா?

பாம்பன்காரன்:
சென்னையில் ஒரு ஐடி கம்பெனியில் ஆறு வருடமாக மேனுவல் டெஸ்டிங் (மென்பொருளைக் கையாலேயே சோதித்துப் பார்க்கும் வேலை) பார்க்கிறேன். ப்ராஜெக்ட் முடிந்து இரண்டு மாதமாக அடுத்த ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருக்கிறேன், சும்மா வாடகை கட்டுவானேன் என்று ஊருக்கு வந்து வீட்டிலிருந்தே லாக்-இன் செய்கிறேன். நேற்று எச்.ஆர். போனில் வந்து, வெள்ளிக்கிழமைக்குள் நீங்களாக ராஜினாமா மெயில் போட்டால் இரண்டு மாதச் சம்பளமும் ரிலீவிங் லெட்டரும் உண்டு, இல்லாவிட்டால் டெர்மினேஷன்தான், அப்புறம் எங்கேயும் வேலை கிடைக்காது என்றார். மொட்டை மாடியில் கச்சான் காற்று அடித்த அடியில் பாதி காதில் விழவில்லை, அந்தக் கடைசி வார்த்தை மட்டும் தெளிவாக விழுந்தது. கீழே அப்பா வலைக் கிழிசலைச் சரிபண்ணிக்கொண்டிருந்தார். ஜூன் 14-ல் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது, என் சம்பளத்தை நம்பித்தான் போட் வேலைக்கு வட்டிக்கு வாங்கியிருக்கிறார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. மெயில் போட்டுவிடவா?

ராம்நாடு அண்ணன்:
தம்பி, அவசரப்பட்டு போடாதீங்க. நீங்களாக எழுதிக் கொடுத்தால் அது ஆட்குறைப்பே இல்லை, நீங்கள் விருப்பப்பட்டுப் போனதாகிவிடும், கம்பெனிக்கு வேண்டியதும் அதுதான். ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸ், வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் என்பது 1947 தொழில் தகராறு சட்டத்திலேயே இருந்தது, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. மேனேஜர் பொறுப்பில் இருந்தால் பொருந்தாது, உங்கள் வேலைக்குப் பொருந்தும் என்று வாதாட இடம் இருக்கிறது. ஐந்து வருடம் தாண்டியதால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) தனி, அதை இந்த இரண்டு மாதச் சம்பளத்தோடு சேர்த்துக் காட்டி ஏமாற்றப் பார்ப்பார்கள். சொன்னதையெல்லாம் மெயிலில் கேளுங்கள். பே ஸ்லிப், அப்ரைசல் லெட்டர் எல்லாவற்றையும் லாக்-இன் போவதற்குள் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐடி ஊழியர்கள் சங்கம் வைக்கலாம் என்று 2016-லேயே தமிழக அரசு தெளிவாகச் சொல்லிவிட்டது, சென்னையில் சங்கங்கள் இருக்கின்றன, ஒருத்தரிடமாவது பேசிவிட்டு முடிவெடுங்கள்.

கீழக்கரை காக்கா:
வேலை போன செய்தி வெளியே தெரிந்ததும் ஏஜென்ட் வருவான், அதற்காக எழுதுகிறேன். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, கை நிறையச் சம்பளம் என்பான். அப்படிப் போன தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மியான்மரில் மியாவாடியில் ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அடைத்து வைக்கப்பட்டு 2022-ல் மீட்கப்பட்டார்கள். வளைகுடா என்றாலும் விசிட் விசாவில் ஏறாதீங்க தம்பி, ஏஜென்ட் அரசிடம் பதிந்தவனா என்று பார்த்துவிட்டுப் பணத்தைத் தொடுங்கள்.

தங்கச்சிமடம் அக்கா:
நானும் டெஸ்டிங்தான், போன வருடம் வேலை போனது. 2025 ஜூலையில் டிசிஎஸ்ஸே சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது, அதனால் உங்கள் திறமையில் குறை என்று நினைக்காதீங்க. ஆனால் மேனுவல் மட்டும் தெரிந்தால் இனி கஷ்டம், டெஸ்ட் கேஸை ஏஐ எழுதிவிடுகிறது. தானாகவே டெஸ்ட் ஓட்டும் ப்ளேரைட் என்ற டூலைக் கற்றுக்கொண்டு ஏழு மாதம் தேடினேன், பழையதைவிடக் குறைந்த சம்பளத்தில்தான் கிடைத்தது. முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள். அவர் இன்னும் கடன் வாங்குவதற்குள்.

பாம்பன்காரன்:
சொல்லிவிட்டேன். அப்பா ஊசியைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழுதிக் கொடுத்துட்டியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். எச்.ஆருக்கு, சொன்னதை எழுத்தில் தாருங்கள் என்று காலையில் மெயில் போட்டிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.