பிஆர்சிஏ1 மரபணுவில் பிழை உள்ள பெண்களுக்குத் தமாக்சிஃபென் மாத்திரை: "பாதியாகக் குறையும்" என்பது யாருடைய கணக்கு?

தேனருவி:
"மரபணுப் பிழை உள்ள பெண்கள் ஐந்தாண்டு தமாக்சிஃபென் உட்கொண்டால் மார்பகப் புற்றுநோய் வரும் ஆபத்து பாதியாகக் குறையும்" என்று நெய்தல் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அந்தப் பாதிக் கணக்கு 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வுடையது. அதில் சேர்ந்த 13,388 பெண்கள் வயது, குடும்ப வரலாறு போன்றவற்றால் ஆபத்து கூடியவர்களே தவிர, மரபணுச் சோதனை செய்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். நோய் கண்ட 288 பேரின் இரத்தத்தைப் பின்னர் சோதித்தபோது 19 பேரிடம் பிஆர்சிஏ1 அல்லது பிஆர்சிஏ2 என்னும், மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் மரபணுப் பிழை இருந்தது. பிஆர்சிஏ1 பிழை இருந்தவர்கள் எட்டே பேர். அவர்களில் ஐவர் தமாக்சிஃபென் உட்கொண்டும் நோய் கண்டவர்கள்.

நெய்தல்:
அதே 19 பேரில் பிஆர்சிஏ2 உள்ள 11 பேரை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? அவர்களில் மூவர்தாம் மருந்து உட்கொண்டவர்கள், மற்ற எட்டுப் பேர் வெற்று மாத்திரை உட்கொண்டவர்கள். 62 விழுக்காடு குறைவு என்பது பாதியைவிட அதிகம். தமக்குச் சாதகமானதை மட்டும் எடுத்து வைப்பது தேனருவிக்குப் புதிதன்று.

முல்லைக்கொடி:
அந்த 1998 ஆய்வில் ஆயிரம் பெண்களுக்கு 43 பேர் என்றிருந்த நோய் 22 பேர் என்று குறைந்தது. "பாதி" என்னும்போது நீங்கள் இருவரும் இந்த எண்ணைச் சொல்கிறீர்களா, விழுக்காட்டைச் சொல்கிறீர்களா என்பதை முதலில் தெளிவுபடுத்தினால் நன்று.

தேனருவி:
வெற்று மாத்திரை உட்கொண்டவரின் ஆபத்தை 1 என்று வைத்தால், நெய்தல் பெருமையோடு நீட்டும் அந்த 62 விழுக்காட்டுக் கணக்கின் நம்பக இடைவெளி, அதாவது உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை, 0.06 முதல் 1.56 வரை விரிகிறது. ஒன்றைத் தாண்டுகிற இடைவெளியை வைத்துக்கொண்டு உறுதி கூற முடியாது. நான் கேட்டது பிஆர்சிஏ1 பற்றி. எட்டுப் பேர். அதற்கு விடை வரவில்லை.

வழிப்போக்கன்:
ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்குக் கருப்பை உள்வரிப் புற்றுநோயும் நுரையீரலில் இரத்த உறைவும் வரும் வாய்ப்பை இம்மருந்து கூட்டுகிறது என்பதை ஒருவரும் சொல்லவில்லையே? மார்பக அகற்று அறுவை ஆபத்தை 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைக்கும்போது மாத்திரைக்கு ஏன் இத்தனை வாதம்?

நெய்தல்:
வழிப்போக்கன் எந்த உரையாடலிலும் கத்தியைத் தவிர வேறொன்றைப் பரிந்துரைத்ததில்லை. குழந்தைக்குப் பாலூட்ட விரும்பும் பெண்ணிடமும் இதையே சொல்வீர்களா? மாதவிடாய் நின்றவர்களுக்கு அனஸ்ட்ரசோல் இருக்கிறது. 2014இல் வெளியான ஆய்வில் 3,864 பெண்களிடம் அது ஆபத்தை 53 விழுக்காடு குறைத்தது.

வழிப்போக்கன்:
பாலூட்டுவதைப் பற்றிப் பேசுகிற நீங்கள், கருத்தரிக்க விரும்புகிறவர் தமாக்சிஃபென் உட்கொள்ளக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

தேனருவி:
தமாக்சிஃபெனைப் போலவே அனஸ்ட்ரசோலும் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோனின் வழியை அடைக்கும் மருந்துதான். பிஆர்சிஏ1 பெண்களுக்கு வரும் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியே, அதாவது அந்த ஹார்மோன் பற்றிக்கொள்ளும் இடமே, இருப்பதில்லை. என் அக்காவின் திசு ஆய்வறிக்கையில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்2 என்ற மூன்று ஏற்பிகளுக்கும் நேரே "இல்லை" என்று அச்சிட்டிருந்ததை நானே வாசித்தேன். 1998 ஆய்விலும் ஏற்பி இல்லாத கட்டிகள் சற்றும் குறையவில்லை. ஒரு மருந்து தான் பற்றிக்கொள்ள இடமே இல்லாத கட்டியை எப்படித் தடுக்கும் என்று நெய்தல் விளக்கட்டும்.

நெய்தல்:
விளக்குகிறேன். ஒரு மார்பில் நோய் வந்துபோன பிஆர்சிஏ1 பெண்களுக்கு மறு மார்பில் நோய் வருவது தமாக்சிஃபெனால் குறைந்ததென்று 2000இல் ஓர் ஆய்வும், அதன் பிறகு 2013இல் இன்னொன்றும் காட்டின. ஏற்பி இல்லாவிட்டால் பயனில்லை என்ற உங்கள் தர்க்கம் அங்கே எடுபடவில்லை. அக்காவின் அறிக்கை ஒருவருடைய அறிக்கை. அதைச் சான்றாக வைப்பது உணர்ச்சியே தவிர வேறில்லை.

தேனருவி:
என் குடும்பத்தின் வேதனையை உணர்ச்சி என்று ஒதுக்கியதை மறக்க மாட்டேன். நீங்கள் காட்டும் இரண்டும் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வுகள் அல்ல. நோய் ஏற்கெனவே வந்தவர்களைப் பற்றியவை. நேற்று நீங்கள் எழுதிய வரியோ நோயே வராத பெண்களுக்கானது. அவர்களைப் பொறுத்தவரை உங்களிடம் இருப்பது எட்டுப் பேர்.

நெய்தல்:
அந்த எட்டுப் பேரை வைத்து மருந்து பயன்படாது என்றும் நிறுவ முடியாது என்பதை எத்தனை முறை எழுதினாலும் நீங்கள் படிக்கப் போவதில்லை.

தேனருவி:
பயன்படாது என்று நான் எங்கே எழுதினேன்? "பாதியாகக் குறையும்" என்று எழுதியவர் நீங்கள். அந்த வரி இன்னும் திருத்தப்படாமல் அப்படியே இருக்கிறது.