மணவாளக்குறிச்சி பக்கம் கேன்சருக்கு கருமணல்தான் காரணமா?

கடலோரப்பொண்ணு:
எங்க தெருவுல மட்டும் நாலஞ்சு வீட்டுல கேன்சர். சித்தப்பாவுக்கு வாயில வந்து ஆபரேஷன் முடிஞ்சு இப்ப கஞ்சிதான் குடிக்கிறாரு. எல்லாரும் கடற்கரை மணல்தான்னு சொல்றாங்க, வீட்டை வித்துட்டு நாகர்கோவில் போயிடலாம்னு அம்மா ஒரே புடியா நிக்கிறாங்க. நெஜமாவே மணல்தானா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்

செந்தில்_குளச்சல்:
சித்தப்பா நல்லபடியா தேறி வரணும் சிஸ்டர். கருமணல்ல மோனசைட்னு ஒரு தாது இருக்கு, அதுல தோரியம், அதுலேருந்து கதிர்வீச்சு வருது, அதெல்லாம் உண்மைதான். ஆனா இதே மணல் கேரளாவுல கருநாகப்பள்ளி, சவறா, நீண்டகரை பக்கமும் கெடக்கு, அங்க திருவனந்தபுரம் ரீஜனல் கேன்சர் சென்டர்காரங்க 1990லேருந்து கேன்சர் வந்தவங்க ரெஜிஸ்ட்ரி வச்சு, வீடு வீடா மீட்டர் கொண்டுபோய் அளந்து, கிட்டத்தட்ட 70,000 பேரை சராசரியா 10 வருஷத்துக்கு மேல ஃபாலோ பண்ணாங்க. 2009ல ரிசல்ட் வந்துச்சு, கதிர்வீச்சு கூடுதலா இருந்த வீட்டுக்காரங்களுக்கு கேன்சர் கூடல. அதே ஜனங்ககிட்ட பீடிக்கும் நுரையீரல் கேன்சருக்கும், புகையிலை மெல்றதுக்கும் வாய்ப்புற்றுக்கும் தொடர்பு பளிச்னு தெரிஞ்சுது. சித்தப்பாவுக்கு புகையிலை உண்டா?

அலைகள்77:
செந்தில் அண்ணே, அது குடியிருக்கிறவங்க கணக்கு. மணல் பிரிக்கிற எடத்துல தோரியம் தூசியை மூச்சுல இழுக்கிறவனுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது, அது நுரையீரல்லயே தங்கிடும். வேலை பாக்குறவங்களுக்கு மாஸ்க், செக்கப் எல்லாம் கேட்டே ஆகணும், "மணல்ல ஒண்ணுமில்ல"ன்னு மூடிட்டுப் போக விடக்கூடாது

மலைநாட்டான்:
நான் மிசோரம்ல வேலை பாத்தேன். 2020 தேசிய கேன்சர் ரிப்போர்ட்ல ஆம்பளைங்க கேன்சர்ல அங்க உள்ள ஐஸ்வால் மாவட்டம்தான் முதல்ல, வருஷத்துக்கு லட்சத்துக்கு 269 பேர், மகாராஷ்டிரா உஸ்மானாபாத், பீட் பக்கம் 40 கூட இல்ல. வயசு வித்தியாசத்தை சரிக்கட்டி எடுத்த கணக்கு இது. மிசோரம்ல புகையிலை புகையை தண்ணிக்குள்ள விட்டு பாட்டில்ல அடைச்சு விப்பாங்க, துய்புர்னு பேரு, ஒரு வாய் ஊத்தி அடக்கி வச்சுக்கிட்டே வேலை பாப்பாங்க, கூடவே அடுப்புக்கு மேல தொங்கவிட்டு புகை போட்ட பன்னிக்கறி. வயித்து கேன்சர் அங்க ரொம்ப அதிகம். அதனால ஊரை மாத்துறதுக்கு முன்னாடி வாய்க்குள்ள என்ன போகுதுன்னு பாருங்கம்மா

கடலோரப்பொண்ணு:
சித்தப்பா சின்ன வயசுலேருந்தே வெத்தலையோட புகையிலை போடுவாரு. அம்மாவும் போடுறாங்க, இப்பதான் பயமா இருக்கு

செந்தில்_குளச்சல்:
அம்மாவை இந்த வாரமே ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க, கன்னத்து உள்பக்கம் வெள்ளைத் திட்டோ ரெண்டு வாரமா ஆறாத புண்ணோ இருந்தா டாக்டர்கிட்ட காட்டுங்க. வலிக்கலன்னு விட்டுறாதீங்க, ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்காது