கரையில் ஒதுங்கும் பிளாஸ்டிக்கை அள்ளுவதால் பயன் உண்டா?

நெய்தல் (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். கடற்கரைப் பிளாஸ்டிக் குப்பையை அகற்றும் குழுவொன்றில் நானும் இருக்கிறேன். சுத்தம் செய்த இடத்திலேயே அடுத்த பெரிய ஓதத்தில் (கடல்மட்ட ஏற்றத்தில்) மறுபடியும் குப்பை ஒதுங்குவதால், இந்த உழைப்பு வீண்தானோ என்று குழுவுக்குள்ளேயே சிலர் கேட்கிறார்கள். இயந்திரத்தால் மணலைச் சலிப்பது கையால் பொறுக்குவதைவிட மேலானதா என்பதையும் விளக்குங்கள்.

கடலோடி:
வீண் இல்லை. பிளாஸ்டிக் மிக விரைவாகச் சிதையும் இடமே கரைதான். நீரில் மிதக்கும் பாலிஎத்திலீன் வகைப் பிளாஸ்டிக், குளிர்ச்சியாலும் மேலே படரும் பாசியாலும் மெதுவாகவே சிதைகிறது; அதுவே மணலில் கிடக்கும்போது, புற ஊதாக் கதிரும் சூடும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து அதை நொறுங்கும் நிலைக்குக் கொண்டுவர, அலை அதைத் துகள்களாக்கித் திரும்பவும் கடலுக்குள் இழுத்துச் செல்கிறது. 5 மில்லிமீட்டருக்கும் சிறிய நுண்பிளாஸ்டிக்காக மாறிவிட்டால் அதைக் கையால் பொறுக்கி மாளாது. முழு மூடியாக, முழுக் கயிறாக இருக்கும்போதே எடுத்துவிடுவதுதான் உங்கள் குழுவால் ஆகக்கூடிய பெரிய காரியம்.

உப்பங்கழி:
கடலோடி சொல்வது சரி. ஆயினும் கண்ணில் படுவதை மட்டும் வைத்துக் கரையை மதிப்பிட முடியாது. தென் பசிபிக்கில் மனிதர் குடியிராத ஹெண்டர்சன் தீவைப் பற்றி 2017இல் வெளியான ஆய்வு, அங்கே ஏறத்தாழ 3.77 கோடி துண்டுகள் இருப்பதாகவும், அவற்றில் 68 விழுக்காடு மணலுக்குள் புதைந்திருப்பதாகவும் கணித்தது. அப்படியானால் இயந்திரம் தேவை என்று தோன்றலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கரை ஒதுங்கிய கடற்பாசியையும் இயந்திரம் வாரிக்கொண்டு போய்விடுகிறது. அந்தப் பாசியில்தான் சிற்றுயிர்கள் வாழ்கின்றன, அவற்றைத் தின்றே கரைப்பறவைகள் பிழைக்கின்றன. ஆமைகள் முட்டையிடும் கரை என்றால் கூடுகளும் நசுங்கும். 2021இல் இலங்கைக் கடலில் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து கரையெங்கும் பிளாஸ்டிக் குருணை ஒதுங்கியதைப் போன்ற சூழலில் சலிக்காமல் முடியாது. அப்போதும் கைச்சல்லடையே நல்லது.

மணற்கோடு:
நடைமுறைக்காக ஒன்று சொல்கிறேன். பெரிய ஓதம் மட்டுமே எட்டும் மேல்வரிசையிலிருந்து தொடங்குங்கள். அங்கே கிடப்பதுதான் நெடுநாள் வெயிலில் காய்ந்து நொறுங்குகிறது. எடுத்தவற்றை வகைபிரித்துக் குறித்தும் வையுங்கள். வலைத்துண்டும் மிதவையும் மிகுந்திருந்தால் மீன்பிடித் துறைமுகத்தாரிடம் பேச வேண்டும்; பொட்டல உறைகளே மிகுந்திருந்தால் பக்கத்து ஆற்றுமுகத்தையும் வடிகாலையும் பார்க்க வேண்டும்.