12 பிள்ளைகளுக்கு ஒரே கதையில் மாறுவேடம், செலவில்லாமல் செய்ய முடியுமா?

கதைநேரம்:
எங்கள் வாசிப்புக் குழுவில் 12 பிள்ளைகள், வயது 6 முதல் 9 வரை. இன்னும் மூன்று வாரத்தில் மாறுவேட நாள், எல்லாரும் ஒரே புத்தகத்திலிருந்து வர வேண்டும் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். புதுத்துணி எடுக்கச் சொன்னால் சில வீடுகளுக்குச் சிரமம், வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள், அதனால் யாரையும் எதுவும் வாங்க வைக்கக் கூடாது. அட்டைப்பெட்டிகள் நிறைய இருக்கின்றன. எனக்குத் தையல் வராது. போன முறை ராஜா ராணி கதை. ராணி வேடத்துக்கு மூன்று பேர் அழுதார்கள், மரமாக நின்ற பையன் பாதியிலேயே வீட்டுக்குப் போய்விட்டான். அது மறுபடி நடக்க வேண்டாம்.

தாள்பூ:
கூட்டமே பாத்திரமாக வருகிற கதையை எடுங்கள். லூயிஸ் கரோல் 1865இல் வெளியிட்ட ஆலிஸ் கதையில் ஒரு சீட்டுக்கட்டே நடந்து வரும். ஸ்பேடு சீட்டுகள் தோட்டக்காரர்கள் (வெள்ளை ரோஜாவுக்குச் சிவப்புச் சாயம் அடிப்பார்களே, அவர்கள்தான்), கிளாவர் படைவீரர்கள், டைமண்ட் அரசவைக்காரர்கள், ஹார்ட் அரச குழந்தைகள். முன்னால் ஒரு அட்டை, பின்னால் ஒரு அட்டை, தோளில் இரண்டு துணிப்பட்டை, அவ்வளவுதான். ராணி வேடத்தை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள், சண்டையே வராது.

அட்டைக்கத்தி:
தாள்பூ சொன்னதைச் செய்வதானால் சில விஷயங்கள். பெட்டி அட்டைக்குள் வரிவரியாக ஓடும் மடிப்பு மேலிருந்து கீழாக இருக்கும்படி வெட்டுங்கள், குறுக்காக இருந்தால் வயிற்றுப் பக்கம் மடங்கிவிடும். தோளுக்குச் சணல் கட்டினால் அறுக்கும், பழைய டி-சர்ட்டை மூன்று விரல் அகலத்துக்குக் கிழித்துக்கொள்ளுங்கள். அட்டை முழங்காலுக்கு மேலேயே நிற்கட்டும், படி ஏற வேண்டுமே. போஸ்டர் கலரை ஒரு பக்கம் மட்டும் அப்பினால் அட்டை வளையும், அதோடு வியர்வை பட்டால் துணியில் ஒட்டும்; வெள்ளைத் தாளை ஒட்டி அதன்மேல் சின்னங்களைக் கறுப்பு, சிவப்புத் தாளில் வெட்டி ஒட்டுவது மேல். ஸ்டேப்ளர் முனைகளை உள்பக்கம் டேப் போட்டு மூடிவிடுங்கள்.

மாடப்புறா:
எனக்கு அட்டையில் உடன்பாடில்லை. 6 வயதுப் பிள்ளை அட்டைக்குள் எவ்வளவு நேரம் நிற்கும்? உட்காரவே முடியாது. பஞ்சதந்திரத்தில் வலையில் சிக்கிய புறாக்கள் எல்லாம் சேர்ந்து வலையோடு பறந்து போகுமே, அதைச் செய்யுங்கள். 11 புறா, 1 எலி. வீட்டில் இருக்கும் வெளிர்நிற உடை எதுவானாலும் சரி, ஒரே நிறமாக இருக்க வேண்டியதில்லை, புறாக்களும் அப்படித்தானே. பழைய படுக்கை விரிப்பை அரைவட்டமாக வெட்டி, நேர்விளிம்பைத் தோளிலும் இரண்டு மணிக்கட்டிலும் ஊக்கால் பிடித்தால் சிறகு. முன்விளிம்பு உள்ள தொப்பி இருந்தால் அந்த விளிம்பே அலகு. முகமூடி வேண்டாம், பக்கத்தில் வருபவர் தெரிய மாட்டார். இந்தக் கதையை நான் விரும்பக் காரணம் வேறு: தன் கட்டை அவிழ்க்க வந்த எலி ஹிரண்யகனிடம், முதலில் என் கூட்டத்தை விடுவி என்கிறான் புறா அரசன் சித்திரகிரீவன். அதனால் அரசனாக வரும் பிள்ளை கடைசிவரை காத்திருக்க வேண்டும், மற்ற பத்துப் பேருக்கும் அதற்கு முன்பே ஒரு முறை வந்துவிடும்.

கதைநேரம்:
இரண்டையும் பிள்ளைகளிடம் சொன்னேன், புறாதான் வென்றது. எலியாக யார் வருவது என்று கேட்டதும், போன முறை மரமாக நின்ற பையன் முதலில் கை தூக்கினான்! வலைக்குக் கிழிந்த கொசுவலை ஒன்று இருக்கிறது, 11 பேர் பிடித்து இழுத்தால் தாங்குமா?

அட்டைக்கத்தி:
சும்மா பிடித்தால் தாங்காது. சுற்றி ஓரத்தில் துணிப்பட்டையைக் கோத்து, ஆளுக்கு ஒரு கைப்பிடி முடிச்சு போடுங்கள், இழுவை எல்லாம் பட்டைக்குப் போய்விடும். வலை இடுப்பு உயரத்திலேயே இருக்கட்டும், கழுத்துப் பக்கம் வர விடாதீர்கள். எலி கடிக்கும் இடங்களை முன்பே வெட்டி வெல்க்ரோவால் ஒட்டி வைத்தால், அவன் இழுத்ததும் 'சரக்'கென்று பிரியும்.