பசங்க கேங்குக்கு வீடு தருவார்களா? மதுரையிலிருந்து பேச்சிலர் பார்ட்டி

நண்பனுக்கு ஆவணி கடைசியில் மதுரையில் கல்யாணம். பேச்சிலர் பார்ட்டிக்கு ஒன்பது பேர் தயார், தங்க இடம்தான் அமையவில்லை. "ஃபேமிலியா? பசங்க மட்டுமா?" என்று கேட்கிறார்கள், பசங்க என்றதும் "ரூம் இல்லை சார்" என்று வைத்துவிடுகிறார்கள்.

தேதியைத் தள்ளவும் வழியில்லை. பந்தக்கால் நட்டுவிட்டால் மாப்பிள்ளை ஊர் எல்லை தாண்டக் கூடாது என்பதில் அவன் அம்மா கறார். அதனால் ஆவணி முதல் சனி, ஞாயிறுதான். சனி மதியம் கிளம்பி ஞாயிறு இரவு வீட்டில் இருக்க வேண்டும்.

முதலில் கொடைக்கானலைத்தான் பார்த்தோம். இ-பாஸ் எடுத்துக்கொள்ளலாம், அது பெரிய விஷயமில்லை. ஆனால் கேட்ட ஹோம்ஸ்டே எல்லாம் கைவிரித்துவிட்டன. ஒருவர் மட்டும் சரி என்றார், அவரும் அட்வான்ஸை டபுளாகக் கேட்டார். சிறுமலையில் கிடைத்த வீட்டில் இரண்டே அறை. குற்றாலம் போகலாம், மழை கூடினால் அருவியில் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். அப்புறம் லாட்ஜில் உட்கார்ந்து டிவி பார்க்க வேண்டியதுதான். மூணாறு ஒரு ராத்திரிக்கு அலைச்சல்.

மாப்பிள்ளை குடிக்க மாட்டான், டிஜே கூத்தும் கிடையாது. கேம்ப் ஃபயர், பார்பிக்யூ, விடிய விடிய சீட்டு, அவ்வளவுதான். (மாப்பிள்ளைக்கு நலங்கு வைக்கிற மாதிரி மஞ்சள் பூசி ஒரு வீடியோ எடுக்கிற திட்டமும் இருக்கிறது, அவனுக்குத் தெரியாது.) தலைக்கு நாலாயிரம் வரை போடலாம். இரண்டு கார் நிறுத்த இடம் வேண்டும்.

மதுரையிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள், பசங்க குரூப்புக்கு முழு வீடாகக் கொடுக்கிற, நீங்களே போய்த் தங்கிய இடம் எது?